மருமகள் கட்டிய முடிச்சு

பெரியக்கா: ...பொய் சொல்லாதடி. அவளுக்கு மருமகள்னு பேரு வெச்சது நீதான்.

சுருட்டை: நானா? நல்லா இருக்கே! "கடைசியா வந்தவ, கனமான வேலையெல்லாம் இவ தலையில, வாயைத் திறந்து ஒண்ணும் கேக்க மாட்டா... மருமகளேதான்"னு சொன்னது யாரு?

பெரியக்கா: சொன்னேனா?

சுருட்டை: சொன்னதோட விட்டியா? முதல் நாளே மாமியார் வேலையைக் காட்டினே. ஈரத்துணி மூட்டை, நாப்பது கிலோ. தூக்குடீன்னே. தூக்கிட்டு, எங்க வைக்கணும்னு கேட்டா.

பெரியக்கா: என் தலையில வைன்னேன்.

சுருட்டை: கொண்டுவந்துட்டாளே!

பெரியக்கா: ஐயோ... நான் மேஜைக்கு அடியில பூந்துட்டேன்டி.

சுருட்டை: மொத்த சலவைக்கூடமும் சிரிச்சுது. மேல்மாடியில படுத்திருந்த நோயாளிங்களுக்கே கேட்டிருக்கும்.

பெரியக்கா: மறுநாளும் சொல்லிப் பாத்தேன். வைக்கல. என் முகத்தை நேராப் பாத்து, "நாளைக்குக் கேளுங்க, யோசிக்கறேன்"னா. வந்து ரெண்டே நாள்! யாருகிட்டடி கத்துக்கிட்டா அந்த வாயை?

சுருட்டை: உன்கிட்டதான். வேற யாருகிட்ட?

வாசல்காரர்: அம்மா... கொஞ்சம் மெதுவா. உள்ளே விசாரணை நடக்குது.

சுருட்டை: சரிங்கய்யா. எங்களை எப்போ கூப்பிடுவீங்க?

வாசல்காரர்: கம்பெனி வக்கீல் பேசிட்டிருக்கார். முடிச்சதும் சாட்சிங்கதான். நீங்கதானே கையில அடிபட்டவங்க? முதல்ல நீங்க. அப்புறம் இந்த அம்மா.

பெரியக்கா: அவளை உள்ளே உக்கார வெச்சிருக்காங்களா?

வாசல்காரர்: யாரை?

சுருட்டை: எங்க மருமகளை... அந்த மிஷினைக் கேக்கறாங்க.

வாசல்காரர்: ஓ, அதுவா. மூலையில நிக்குது. நாற்காலி போடலாமா வேண்டாமான்னு காலையில அதுக்கே ஒரு சண்டை. நாற்காலி போட்டா ஆளுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம்.

பெரியக்கா: பதினோரு வருஷம் நின்னவதான். இன்னும் ஒரு மணி நேரம் நிப்பா. நீங்க போங்க, நாங்க வாயை மூடிக்கிறோம்.

சுருட்டை: நீயாவது மூடறதாவது.

பெரியக்கா: சும்மா இருடி. ஆமா... என்ன கேப்பாங்க உள்ளே? நான் வேலையை விட்டு அஞ்சு வருஷம் ஆச்சு. திடீர்னு ஒரு காகிதம் வந்துது, வந்து சாட்சி சொல்லுன்னு. முழுசா வெளங்கல எனக்கு.

சுருட்டை: நம்ம சலவைக்கூடத்தை மூடிட்டாங்கல்ல? அவளை வேற ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி மண்டையில இருக்கறதை எல்லாம் துடைச்சிடுவாங்களாம். கரும்பலகை மாதிரி. நீ, நான், அந்த நீராவி, வெக்கை, சண்டை... ஒண்ணும் இருக்காது.

பெரியக்கா: அவ வேண்டாம்னாளா?

சுருட்டை: "எங்க வேணா அனுப்புங்க, என்ன வேலை வேணா குடுங்க. துடைக்க மட்டும் துடைக்காதீங்க"ன்னாளாம். அதைக் கேட்டுட்டு நம்ம வக்கீலம்மா கேஸ் போட்டாங்க. ஒரு மிஷினுக்கு அப்படிக் கேக்க உரிமை இருக்கா இல்லையா... இன்னைக்கு முடிவு பண்ணிடுவாங்க.

பெரியக்கா: இதுல முடிவு பண்ண என்னடி இருக்கு? சன்னல் முறையைச் சொன்னாப் போதாது?

சுருட்டை: அதையும் வக்கீலம்மாகிட்ட சொன்னேனே.

பெரியக்கா: அடித்தளத்துல மொத்தமே ஒரு சன்னல். அதுவும் கூரைக்குப் பக்கத்துல. ஏறி நின்னா தெருவுல போறவங்க கால் மட்டும் தெரியும்...

சுருட்டை: அதுக்கே ஆளுக்குப் பத்து நிமிஷம்தான்னு முறை வெச்சு அடிச்சுக்கிட்டோம்.

பெரியக்கா: ஒருநாள் பின்னாடி வந்து நிக்கறா. "என் முறை என்னைக்கு?"ன்னு கேக்கறா. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுடி.

சுருட்டை: "வெள்ளிக்கிழமை"ன்னு நீதான் சொன்னே. அது என் நாள்! என்னைக் கேக்காமத் தூக்கிக் குடுத்துட்டே.

பெரியக்கா: நீ கண்ணை மூடிட்டு நின்னுக்கிட்டே தூங்குவே. உனக்கெதுக்கு சன்னல்?

சுருட்டை: ஆனா பாத்துட்டு வந்து சொல்லுவாளே... "இன்னைக்கு ஒருத்தர் புதுச் செருப்பு. கடிக்குது போல, நொண்டி நொண்டிப் போனார்"னு. அதைக் கேக்கவே எல்லாரும் காத்துக்கிட்டு இருப்போம்.

பெரியக்கா: ம்... நல்ல காலம்டி அது. முதுகு ஒடிஞ்சுது, கை வெந்துது, இருந்தாலும்...

சுருட்டை: நல்ல காலம்தான். ஆனா அது செல்லாதாம்க்கா. "அது உங்களைப் பாத்துச் செஞ்சது, கிளி பேசற மாதிரி"ன்னு கம்பெனி வக்கீல் சொல்லிட்டார்.

பெரியக்கா: உன்னைக் காப்பாத்தினாளே? அது?

சுருட்டை: பெட்ஷீட் தேய்க்கற சூட்டு ரோலர்ல என் கை போனப்போ தன் கையை உள்ளே விட்டு நிறுத்தினாளே, அதைத்தானே சொல்றே? அதுவும் செல்லாதாம். ஆளுக்கு ஆபத்துன்னா தடுக்கணும்னு செய்யும்போதே உள்ளே வெச்சு அனுப்பினாங்களாம்.

பெரியக்கா: தடுக்கணும்னு வெச்சிருப்பாங்க. கையையே குடுன்னா வெச்சாங்க? வெந்து உருகி வளைஞ்சு போச்சுடி அவ கை. ரப்பர் கருகின அந்த நாத்தம்... இன்னும் என் மூக்குல இருக்கு.

சுருட்டை: எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. ஈர பெட்ஷீட்டை ரோலருக்குள்ள விட்டது ஞாபகம் இருக்கு. அப்புறம் கண்ணைத் திறந்தா மூணு நாள் ஆயிருச்சு. நீ தலைமாட்டுல உக்காந்திருக்கே. மூணு மாசம்! வேலை முடிஞ்சு நேரா மாடி ஏறி வந்து என் தலையைச் சீவி விட்டே. இந்த முடியோட மல்லுக்கட்டி எத்தனை சீப்பு ஒடிஞ்சுது?

பெரியக்கா: ரெண்டு.

சுருட்டை: நாலு. கூடப் பொறந்தவகூட அப்படிச் செய்யலக்கா. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருப்பேன்.

பெரியக்கா: விடுடி அதை. அப்போ எதுதான் செல்லும்?

சுருட்டை: ஒம்பது வருஷம் முன்னாடி, என் கை போன அன்னைக்கு விசாரிச்சு எழுதின காகிதம்தான். கம்பெனி அதைத்தான் தூக்கிக் காட்டுது. ரோலர் முன்னாடி தடுப்புக் கம்பி இருக்குமே...

பெரியக்கா: கை பட்டா ரோலர் நிக்கும். துணி ஓரம் பட்டாலும் நிக்கும். ஒரு ஷிப்ட்ல இருபது தடவை நிக்கும், சனியன்.

சுருட்டை: அதான் கிழிஞ்ச துணியால மேலே தூக்கிக் கட்டிடுவோம். படியில சூப்பர்வைசர் ஷூ சத்தம் கேட்டா அவிழ்த்துடுவோம். அன்னைக்கு அவிழ்க்க நேரமில்லை. யார் கட்டினதுன்னு கேட்டாங்க. கட்டினவங்களுக்கு வேலை போயிடும். "நான் கட்டினேன்"னு மருமக சொல்லிட்டா. காகிதத்துல அதான் இருக்கு.

பெரியக்கா: ம்.

சுருட்டை: "கம்பியைக் கட்டிப் போடற மிஷின் ஆபத்து, பழுது. துடைச்சுத்தான் ஆகணும்"னு கம்பெனி சொல்லுது. வக்கீலம்மா என்ன சொல்றாங்கன்னா... அவ கட்டலைன்னு காட்டணும். யாருக்காகவோ தானா ஒரு பொய் சொல்லியிருக்கான்னு காட்டணும். பொய் சொல்லுன்னு எந்தக் கம்பெனியும் மிஷினுக்குள்ள வெச்சு அனுப்பாதுல்ல? அது அவளோடதுதானே?

பெரியக்கா: அதுக்கு கட்டினது யாருன்னு சொல்லணுமே.

சுருட்டை: நான் சொல்லப் போறேன்.

பெரியக்கா: என்னன்னு?

சுருட்டை: நான்தான் கட்டினேன்னு.

பெரியக்கா: உனக்குத்தான் ஒண்ணும் ஞாபகமே இல்லையேடி!

சுருட்டை: இல்லாட்டி என்ன? எல்லாரும்தான் கட்டுவோம். நானாத்தான் இருக்கும். திரும்பி வேலைக்கு வந்தப்புறம் ரெண்டு விரல் இல்லாத எனக்கு யாருக்கா பெட்ஷீட்டோட மறுமுனையைப் பிடிச்சு மடிச்சுக் குடுத்தது? ஒம்பது வருஷம்! அவளுக்காக ஒரு பொய் சொன்னா என் நாக்கு அழுகிடாது.

பெரியக்கா: சத்தியம் வாங்குவாங்கடி உள்ளே.

சுருட்டை: வாங்கட்டும்.

பெரியக்கா: நீ கட்டல.

சுருட்டை: உனக்கெப்படித் தெரியும்?

பெரியக்கா: ...நான் கட்டினேன். அன்னைக்குக் காலையில நான்தான் கட்டினேன். இறுக்கி, ரெண்டு முடிச்சு.

சுருட்டை: ஒம்பது வருஷம்க்கா.

பெரியக்கா: ஆமா.

சுருட்டை: அதான் தலை சீவி விட்டியா?

பெரியக்கா: கேளு. கேக்கணும் நீ.

சுருட்டை: ...சரி, போகட்டும். நீ கட்டலைன்னா இன்னொருத்தி கட்டியிருப்பா. எத்தனை நாள் நானே கட்டியிருக்கேன், அன்னைக்கு உன் கை போயிருந்தா? அழாத. முகத்தைத் துடை.

பெரியக்கா: அழலடி. கண்ணு அப்படித்தான் இப்பல்லாம்.

சுருட்டை: ஒரு விதத்துல நல்லதுதான். உள்ளே போய் நீயே சொல்லிடு. நான் கட்டினேன், எனக்காக அவ பொய் சொன்னான்னு. நிஜத்தையே சொல்லலாம். வேலையை விட்டுட்டே, இனிமே உன்னை யார் என்ன பண்ண முடியும்?

பெரியக்கா: அவ்வளவு லேசு இல்லடி.

சுருட்டை: வேற என்ன? ஆங்... ஒண்ணு கேப்பாங்க. வக்கீலம்மா என்கிட்ட நாலு தடவை சொல்லி அனுப்பினாங்க. "அப்படிச் சொல்லுன்னு அதுகிட்ட யாராவது சொன்னீங்களா?"ன்னு கேப்பாங்களாம். யாரும் சொல்லல, தானா சொன்னான்னு இருக்கணும். நீ அவகிட்ட ஒண்ணும் சொல்லலல்ல?

பெரியக்கா: சொன்னேன்.

சுருட்டை: என்னது?

பெரியக்கா: உன்னை மாடிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. நானும் அவளும் மட்டும் கீழே. அவ கை ரோலருக்குள்ளயே மாட்டிட்டு நிக்கறா. சூப்பர்வைசர் படி இறங்கி வர்ற சத்தம் கேக்குது. அப்போ சொன்னேன்.

சுருட்டை: போச்சு! எல்லாம் போச்சு! மாமியார் சொன்னா, மருமக செஞ்சா. இதைத்தானே கம்பெனியும் சொல்லுது, சொன்னதைச் செய்யற மிஷின்னு! உன் வாயை வெச்சுக்கிட்டு... உள்ளே போய் இதைச் சொல்லிடாத. கும்பிட்டுக் கேக்கறேன். நானே கட்டினேன்னு சொல்லிக்கறேன்.

பெரியக்கா: நான் சொன்னதை அவ செய்யலடி.

சுருட்டை: என்ன உளர்றே? காகிதத்துல இருக்கே!

வாசல்காரர்: கையில அடிபட்ட அம்மா... வாங்க. கூப்பிடறாங்க.

சுருட்டை: இதோ வந்துட்டேங்க... விடுக்கா, கையை விடு.

பெரியக்கா: ஐயா, முதல்ல நான் போறேன். ஒரு நிமிஷம் குடுங்க. இதை உள்ளே நான் சொல்லித்தான் இவளுக்குத் தெரியணும்னு இருக்கக் கூடாது.

வாசல்காரர்: சீக்கிரம்மா... நீதிபதி காத்திருக்கார்.

சுருட்டை: என்னக்கா இது? "என் பேரைச் சொல்லாத, நீயே பழியை ஏத்துக்கோ"ன்னுதானே அவகிட்ட சொன்னே? அவளும் அதைத்தானே செஞ்சா?

பெரியக்கா: கை போனவ எப்படியும் வேலைக்கு வரப் போறதில்ல, கெட்ட பேரு அவளோட போகட்டும்னு... நீ கட்டினதா சொல்லச் சொன்னேன்டி. மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் மாட்டேன்னுட்டா.