நாலு நிமிஷம் ஆறு செகண்ட்

இந்த ரெக்கார்டரைக் கொஞ்சம் தள்ளி வைங்க, மிஸ் வைஷாலி. வாய்க்கிட்ட வச்சா மூச்சு சத்தம்தான் கேக்கும், பேச்சு கேக்காது. ஒரு சாண் தூரம் போதும். எங்க சர்ச்ல தமிழ்ப் பூசை முடியறப்போ பத்தொம்பது வருஷமா அறிவிப்பு வாசிக்கிறவன் நான். மைக் விஷயத்துல எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. டீ ஆறிடும், குடிங்க.

பேரு சுவிசேஷமுத்து. வயசு அம்பத்தொம்பது. தஞ்சோங் பகார்ல ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். இந்த பொங்கோல் வீட்ல தனியாத்தான் இருக்கேன். பக்கத்து பிளாக்ல என் அக்கா பிலோமினம்மாள். அவங்களோட ஒரே மகன் ஜெரார்ட், அந்த நீர்மூழ்கிக் கம்பெனியில என்ஜினியர், அதுல போன நாலு பேர்ல ஒருத்தன். நீங்க விசாரணைக் குழுவுலேர்ந்து வந்திருக்கீங்க, அந்தச் சனிக்கிழமை வந்த போனைப் பத்திக் கேக்கறீங்க. சொல்றேன். ஆனா அதுக்கு முன்னால போன வாரம் நடந்ததச் சொல்லணும், இல்லன்னா என் மனசு உங்களுக்குப் புரியாது.

போன வாரந்தானே அந்த உடைஞ்ச துண்டுகளைக் கரைக்குக் கொண்டாந்தாங்க. எட்டு மாசம் கடலுக்கடியில கெடந்தது. கிரேன்ல தொங்குச்சு, வளைஞ்ச வெள்ளைத் தகடு ஒண்ணு, வயரெல்லாம் பிஞ்சு தொங்க. நான் அப்போ டெக்கா மார்க்கெட்ல மீன் வாங்க நிக்கிறேன். மீன்கடை சுந்தரம் கத்தியைக் கீழ வச்சுட்டு போன்ல அந்தப் படத்தப் பாக்கறான். "அண்ணே, இது உங்க அக்கா மகன் போனதுதானே"ன்னான். அவ்வளவுதான், வரிசையில நின்னவங்க மொத்தமும் என்னைச் சுத்திக்கிச்சு. ஒரு அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க, அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. அந்தத் தகடு என்ன உலோகம்னு ஒருத்தர் கேக்கறாரு, இன்னொருத்தர் பதில் சொல்றாரு, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியல. நான்தான் விளக்கினேன். அது உலோகமே இல்ல, கார்பன் நார்ல செஞ்சதுன்னேன். ஆன்னு வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டாங்க.

அப்புறம் சிராங்கூன் ரோட்ல நடக்கவே முடியல. பூக்கடையில நிறுத்துறாங்க, சாப்பாட்டுக் கடையில நிறுத்துறாங்க. வேலை முடிஞ்சு வந்த நாலு பேரு என்னை நடுவுல நிக்க வச்சு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. பேஸ்புக்ல ஒருத்தன் பணக்காரன் விளையாட்டுக்குப் போயி செத்தான்னு எழுதுறான், இன்னொருத்தன் அவனைத் திட்டுறான், நான் ரெண்டு பேருக்கும் பதில் போடறேன். சொல்லக்கூடாது, ஆனா உண்மையச் சொல்லணும்னுதானே வந்திருக்கீங்க. எனக்குக் கால் தரையில படல மா. துக்கம் இல்லாம இல்ல. துக்கத்துக்கு மேல ஒரு குதூகலம். ஊஞ்சல் மேல போயி கீழ எறங்குறப்போ வயித்துக்குள்ள வருமே, அது.

இது எனக்குப் புதுசில்ல. அறிவிப்பு வாசிக்கிறப்பவே வரும். திருமண ஓலை, அடக்கப் பூசை, வீட்டு வீட்டுக்கு நடக்கிற அன்பியக் கூட்டம்னு ஒவ்வொண்ணா வாசிப்பேன். ஏதாவது நல்ல சேதி இருந்தா அதைக் கடைசியில வச்சுக்குவேன். "இறுதியாக" அப்படின்னு சொல்லிட்டு ஒரு மூச்சு விடுவேன். பெஞ்சு பெஞ்சா தலை நிமிரும். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் நான் வாரம் பூரா உயிரோட இருக்கேன்னு வச்சுக்குங்க.

ஜெரார்ட் ஆழ்கடலுக்குப் போற சேதிய அப்படித்தான் வாசிச்சேன். மூவாயிரத்து இருநூறு மீட்டர், நம்ம பங்குப் பிள்ளைன்னேன். சர்ச்சுக்குள்ள கை தட்டுனாங்க மா. ஃபாதரே தட்டுனாரு. அடுத்த வாரம் முழுக்க நான் தூங்கல. பங்கு மண்டபத்துல பெரிய திரை, கப்பல்லேர்ந்து நேரடி ஒளிபரப்பு, எல்லாருக்கும் பிரியாணி, வாசல்ல அவன் படம் போட்ட பேனர், எல்லாம் நானே ஏற்பாடு பண்ணேன். காத்தோங்லேர்ந்து மருதப்பன் வர்றேன்னாரு, என் பழைய ஆபீஸ் சிநேகிதர், பிள்ளையார் பக்தர். மத்த சர்ச்காரங்களும் வர்றேன்னாங்க. நானூறு நாற்காலி சொன்னேன்.

இப்போ சனிக்கிழமைக்கு வர்றேன். நீர்மூழ்கிக் கம்பெனிக்காரங்க, போறவங்க குடும்பத்துக்குன்னு ஒரு லிங்க் அனுப்பியிருந்தாங்க, அது அக்கா போன்ல மட்டும்தான் திறக்கும். அதனால சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா போனை நான் வாங்கி மண்டபத்துத் திரையில மாட்டிச் சோதிச்சுக்கிட்டிருந்தேன். அக்கா பின்கட்டுல பிரியாணிக்கு வெங்காயம் உரிக்கிறாங்க, கூட ஏழெட்டுப் பொம்பளைங்க. இருபது அடி தூரம் இருக்கும். அப்போ ஜெரார்ட் கூப்பிட்டான்.

அவனுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு தடவ கடல்ல எறங்குறதுக்கு முன்னாடியும் அம்மாவுக்குப் போன் பண்ணுவான். அக்கா "போயிட்டு வா சாமி"ம்பாங்க. அதோட முடிஞ்சுது, வேற ஒண்ணும் பேச மாட்டாங்க. அன்னிக்கி நான் எடுத்ததும், "மாமா, அம்மாகிட்ட குடுங்க"ன்னான். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. என்னப்பான்னு கேட்டேன்.

"போன தடவ எறங்குனப்போ சுவரு சத்தம் போட்டுச்சு மாமா. உள்ள ஏதோ முறியற சத்தம். எழுதிக் குடுத்தேன், சிரிக்கிறாங்க. செக் பண்ணிட்டு கையெழுத்துப் போட வேண்டியது நான்தான், நான் மாட்டேன்னா யாரும் போக முடியாது. ஆனா சத்தம் கேட்டுச்சுன்னு திருப்பித் திருப்பிச் சொன்னா பயந்தாங்கொள்ளிம்பாங்க லா. அம்மா அழுவுறாங்க, போக வேணாம்கிறாங்கன்னு சொன்னா விட்டுடுவாங்க. அம்மாகிட்ட கேளுங்க மாமா. வேணாம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

இதுல எவ்வளவு நியாயம் இருக்குன்னு எனக்குப் புரியாம இல்ல. நானும் கப்பல் ஆபீஸ்ல இருந்தவன். ஆனா நீங்க என் பக்கமும் பாக்கணும். நானூறு நாற்காலி வந்து எறங்கிடுச்சு. பேனர் கட்டியாச்சு. அக்காகிட்ட கேட்டா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். அம்மாமாருங்க எல்லாம் ஒண்ணுதான், பிள்ளைக்குத் தும்மல் வந்தாலே வேணாம்பாங்க. மறுநாள் நான் மைக்குல போயி, நம்ம பிள்ளைக்குப் பயம் வந்துடுச்சு, எல்லாரும் சாப்பிட்டுட்டுக் கெளம்புங்கன்னு வாசிக்கவா? அவன் மானம் என்ன ஆகும்? நான் அவனத்தான் நெனச்சேன்.

"இரு, கேக்கறேன்"னு சொன்னேன். போனை நெஞ்சுல அழுத்திக்கலை, அப்படிச் செஞ்சா அவனுக்குக் கேக்காதே. கொஞ்சம் தள்ளிப் புடிச்சுக்கிட்டு, "அக்கா, ஜெரார்ட் கூப்புடுறான், நாளைக்குப் போகட்டுமான்னு கேக்கறான்"னு சொன்னேன். மண்டபம் காலி. ரொம்ப மெதுவாத்தான் சொன்னேன், பின்கட்டு வரைக்கும் போகாது. அப்புறம் அவங்க யோசிச்சுப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா நின்னேன். எவ்வளவு நேரம் நிறுத்தணும்னு எனக்குக் கணக்கு உண்டு. திரும்பப் போனை வாய்க்கிட்ட கொண்டாந்து, "போயிட்டு வா சாமின்னு சொல்லிட்டாங்கப்பா"ன்னேன்.

அவன், "அம்மா குரலே கேக்கலையே மாமா"ன்னான். கையெல்லாம் வெங்காயம், போனைத் தொட முடியலன்னேன். "அழுதாங்களா?" "அழுவுறாங்க, ஆனா வெங்காயத்துக்கு"ன்னேன். சிரிச்சான் மா. நல்லா வாய்விட்டுச் சிரிச்சான். அவன் கடைசியா சிரிச்சது நான் சொன்ன பேச்சுக்குத்தான், அதை நெனச்சா இப்பவும் எனக்கு மனசு நெறஞ்சு போவுது. நாலு நிமிஷம் ஆறு செகண்ட்னு உங்க போன் கணக்குப் பேப்பர்ல போட்டிருக்கு, சரியாத்தான் இருக்கும். போனைத் திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கால் வந்த அடையாளத்த அழிச்சேன். அக்காவுக்கு வீண் கவலை எதுக்குன்னுதான்.

ஞாயித்துக்கிழமை நானூறு பத்தல. சுவரோரமா நின்னாங்க. கலம் எறங்கி ஒன்றரை மணி நேரத்துல திரையில இருந்த கப்பல்காரங்க முகம் மாறிச்சு, அப்புறம் படமே போயிடுச்சு. நான் மைக்கை எடுத்து ஜெபமாலை ஆரம்பிச்சேன். அவ்வளவு பேரும் ஒரே குரல்ல பின்னாடியே சொன்னாங்க. தேடுன நாலு நாளும் கூட்டம் கொறையவே இல்ல. மருதப்பன் காத்தோங் கோயில்ல அவன் பேருக்கு அர்ச்சனை பண்ணப் போயி, நட்சத்திரம் கேட்டதும் முழிச்சுட்டு தன்னோடதையே சொல்லிட்டு வந்தாரு. அதை நான் மைக்குல சொன்னேன், அழுதுக்கிட்டிருந்த சனம் சிரிச்சுது. அப்படி ஒரு கூட்டத்த நான் பாத்ததில்ல. மத்த மூணு பேரு யாரு என்னன்னு எனக்குத் தெரியாது, அவங்க குடும்பத்துக்கும் சேத்துத்தான் ஜெபிச்சோம்.

அக்காவப் பத்திக் கேக்கறீங்க. அக்கா சாப்பிடறது கொறஞ்சு போச்சு. ஈஸ்டருக்கு வரலன்னு அவனை அதுக்கு முந்தின வாரம் திட்டியிருக்காங்க. அந்தக் கோவத்துலதான் தன்கிட்ட சொல்லாமப் போயிட்டான்னு அவங்களா முடிவு பண்ணிக்கிட்டாங்க. போன வாரம் அந்தத் தகடு கிரேன்ல தொங்குறத டிவியில பாத்துட்டு என் சட்டையப் புடிச்சுக்கிட்டாங்க. "ஏன்டா முத்து, எப்பவும் பண்ணுவானே. அன்னிக்கி மட்டும் ஏன்டா எனக்கு ஒரு போன் பண்ணல? எம்மேல அவ்வளவு கோவமா என் புள்ளைக்கு?" எட்டு மாசமா இதே கேள்விதான். "அவசரத்துல இருந்திருப்பான்க்கா"ன்னு நானும் அதே பதிலத்தான் சொல்றேன். பாக்கப் பாவமாத்தான் இருக்கு.

ஆமா, அவன் பண்ணினான். அவங்களத்தான் கேட்டான். அவங்க வேணாம்னு சொல்லியிருந்தா இன்னிக்கி நாலு பேரும் உசுரோட இருப்பாங்க, அவங்கள வேணாம்னு சொல்ல விடாதது நான்தான். இத நீங்க அப்படியே எழுதிக்கலாம், கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

அக்காகிட்ட நீங்க சொல்லவா, நான் சொல்லவான்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி. நான்தான் சொல்லணும், நான் தம்பி. ஆனா இன்னிக்கி வேணாம் மா. வர்ற ஞாயிறு அவனுக்குச் சிறப்புப் பூசை வச்சிருக்கோம், டிவிக்காரங்க வர்றாங்க, சர்ச் நெறஞ்சிருக்கும். இப்படி ஒரு சேதிய ஒரு அடுப்படியில, ஒரே ஒருத்தங்க கேக்கச் சொல்லி வீணாக்கக்கூடாது. நீங்க ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அக்காவுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேர உக்கார வைங்க, அவங்கள நல்லாப் புடிச்சுக்கிட்டா நான் இடையில நிறுத்தாம வாசிச்சு முடிச்சிடுவேன்.