உமிக்குள் இமயமலை

“இமயமலையில பனி உருகினா நெய்வேலில உனக்கென்னம்மா?” நான் சுற்றுச்சூழல் அறிவியல் எடுத்தபோது, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் மாமா கேட்டார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தக் கேள்வியை மாமா இன்றுவரை விடவில்லை.

இன்று மதிய வகுப்புக்காகக் குறிஞ்சிப்பாடியில் பேருந்து ஏறினேன். முன் இருக்கையில் ஓர் இளைஞனும் மீன் விற்கும் அக்கா ஒருவரும். காலடியில் ஈரச் சாக்கு, அதற்குள் ஐஸ் பாளம்.

“சுரங்க வாசல்ல, ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்க கண்ணெதிர்ல இது உருகணும்க்கா. பனிமலையும் இப்படித்தான் உருகுது, அப்புறம் ஆறு காஞ்சிடும்னு சொல்லப் போறேன். போன தடவ நோட்டீஸ் குடுத்தேன். அதுல வடை எண்ணெயப் புழிஞ்சிட்டுத் தூக்கிப் போட்டுட்டாங்க.”

“உருகணுமா? மொதல்லயே சொல்றதில்ல? உமி போட்டு இறுக்கிக் கட்டிக்கினு வந்திருக்கேன். நான் கட்டினா சாயங்காலம் வரைக்கும் அசையாது.”

“உருகலன்னா இமயமலைக்கு ஒண்ணும் ஆவலன்னுல்ல சொல்லுவாங்க.”

“இமயமலைக்கு லக்கேஜ் டிக்கெட் எடுத்தாச்சா?” என்றார் கண்டக்டர்.

“உமிய தட்டிட்டு என் கூடை பக்கத்துல வெயில்ல வை, தம்பி. இந்த வெயில்ல நானே உருகறேன். ஆனா வேடிக்க பாக்குறவங்க மீனும் வாங்கணும்.”

“ஆத்து மீன் கேட்டா?”

“ஆறு காஞ்சா எங்க போய்ப் புடிக்கிறதுன்னு நானே கேக்கறேன்.”

சுரங்க வாசல் நிறுத்தத்தில் இருவரும் சாக்கை இழுத்தார்கள், அது நகரவில்லை. கல்லூரி இன்னும் தள்ளி இருந்தது. மாமாவுக்கு ஷிப்ட் முடியும் நேரம். சாக்கின் மறுமுனையைப் பிடித்தபடி நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.