நான்கு ஆமைகளைக் கடத்தியது பற்றி

பெயர்: பேதுருப்பிள்ளை றோசலின். வயது: 47. தொழில்: முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் ஊழியர். பிறந்த இடம்: மன்னார். தற்போதைய வதிவிடம்: வெரிபீ, மெல்பேர்ன். மொழிபெயர்ப்பாளர் ராகவி நேரில் இருக்கத் தமிழில் சொல்லப்பட்டுப் பதியப்பட்டது.

மேற்படி பெயருடைய நான் சொல்வதாவது: நானும் என் கணவர் எறிக்கும் பன்னிரண்டு வருடங்களாக இந்த நாட்டில் பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியில் இருக்கிறோம். எங்கள் மீது ஒரு வழக்குப் பதிந்தாலே அந்த விசாவைப் பறிக்கலாம் என்றும், பறித்தால் தடுப்பு முகாம்தான் என்றும் எங்கள் வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அந்தப் பயத்தில் ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஒரு தரிப்பிடம்கூட நான் போனதில்லை. இதை முதலில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் வேலைக்குப் போகும் வீதியின் ஒரு பக்கத்தில் குளமொன்று இருந்தது. வீடுகள் கட்டுவதற்காகக் கடந்த வருடம் அதை மண் போட்டு நிரப்பினார்கள். நிரப்பிவிட்டு அந்த இடத்துக்கு ஏரிக்கரை என்று பெயர்ப்பலகை வேறு நாட்டியிருக்கிறார்கள், வெட்கம் கெட்டவர்கள். இதையும் எழுத வேண்டுமா என்று இதைப் பதியும் பொலிஸ் அதிகாரி கேட்டார். எழுதச் சொன்னேன். அதன் பின்னர் மழை நாட்களில் அங்கிருந்த நீண்ட கழுத்து ஆமைகள் வீதியைக் கடந்து மறுபக்கத்து ஓடைக்குப் போகத் தொடங்கின. வாகனங்கள் ஒன்றும் வேகத்தைக் குறைப்பதில்லை. முதலாவது ஆமை நசிபட்டதை என் கண்ணால் கண்டேன். அதன் முட்டைகள் தாரில் கிடந்தன. அதன் பின்னர் ஆமையைக் கண்டால் வாகனத்தை ஓரமாக நிறுத்தி, அதைத் தூக்கி மறுபக்கம் விடுவேன். தூக்கும்போது ஒரு நீரைப் பீய்ச்சும். சனியன் பிடித்த நாற்றம், எவ்வளவு கழுவினாலும் போகாது. "உனக்கென்ன விசரே?" என்று எறிக் ஏசினார். பிறகு அவரும் வந்து தூக்கினார்.

சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல், மழை விட்டபின், நான்கு ஆமைகளைக் கண்டு எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனேன். அங்கும் வீடு கட்டுவதற்காகக் கறுப்பு வலை வேலி அடித்திருந்தது. ஓடைக்குப் போக வழியில்லை, வந்த பக்கத்தில் குளமில்லை, நடுவில் வாகனங்கள். இந்தச் சீவன்கள் எங்கேதான் போவது? ஆகையால் அவற்றைச் சலவைக்கூடையில் போட்டு, வாகனத்தின் பின்பக்கம் வைத்துவிட்டு, வேலி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாகனம் பாதையை மறிப்பதாக யாரோ அறிவித்ததால் பொலிசார் வந்தார்கள். கூடையைப் பார்த்த பொலிஸ்காரர் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்தார். எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும், ஆனால் பொலிசுக்கு முன்னால் சொற்கள் மறந்துபோகும்.

தொலைபேசியில் பேசியவர் இந்தியத் தமிழர். "ஆமைகளை வெச்சு என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். "கடத்திக்கொண்டு நிண்டனான்" என்றேன். "கடத்துனீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "ஓம் தம்பி, நான்தான் கடத்தினனான். மழை பெய்ஞ்சா நாளைக்கும் கடத்துவன்" என்றேன். கூட யாரும் உண்டா என்று கேட்டார். "என்ரை மனிசனும் சில நாள் கடத்தினவர்" என்றேன்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் வீதியைக் கடத்திவிடுகிற ஆட்கள். அந்த எண்ணத்தில்தான் சொன்னேன். அவரோ களவாகக் கொண்டுபோய் விற்பது என்று விளங்கி, அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊரில் என் தமையனை வான் வண்டியில் ஏற்றிக் கடத்திக்கொண்டு போனார்கள், இன்றுவரை தகவல் இல்லை. அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. வாயில் வரும்போது அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். என் வாயாலேயே என் கணவரையும் மாட்டிவிட்டேன் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதன் பின்னர் பொலிசார் ஆமைகளைக் கொண்டுபோனார்கள். விசாரணை முடியும்வரை காட்டு விலங்கு எதையும் தொடக்கூடாது, எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையுடன் என்னை வீட்டுக்கு விட்டார்கள். நான் சொன்னதைத் திருத்திப் பதிவதற்காக இன்று இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு அழைக்கப்பட்டேன்.

இன்று காலை இங்கே வரும்போது நான் வாகனத்தை ஓட்டினேன், எறிக் பக்கத்தில் இருந்தார். வேறு பாதை இல்லை, அதே வீதிதான். நடுக்கோட்டில் ஒரு ஆமை, கழுத்தை நீட்டியபடி நின்றது. நான் வேகத்தைக் குறைத்தேன். எறிக், "றோசலின், பேசாம வாகனத்தை ஓடு" என்றார். நான் நிறுத்தவில்லை. எங்களுக்குப் பின்னால் லொறியொன்று வந்தது. அதுவும் நிறுத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தேன்.

நான் நிபந்தனையை மீறவில்லை என்பதற்கு இது நல்ல சான்று என்று அதிகாரி சொன்னார். சான்றாக வேண்டாம், நான் செய்த குற்றமாக எழுதுங்கள் என்று கேட்டேன்.

இதில் உள்ள அனைத்தும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. எல்லாம் நான் சொன்னவை, எல்லாம் நடந்தவை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

(ஒப்பம்) பே. றோசலின்