எதிர்க்கரை

எனக்கு நீச்சல் தெரியாது சார். பாதி வயது கல்குவாரியில் போய்விட்டது. தண்ணீரில் இறங்குகிற வேலை அங்கே கிடையாது. நான் தமிழிலேயே சொல்கிறேன். நீங்கள் தெலுங்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் குவாரியை மூடிய பிறகு குழியில் மழைத்தண்ணீர் நின்றுவிட்டது. அறுத்தெடுத்த கல் என்பதால் நான்கு பக்கமும் சுவர் மாதிரி நேராக இருக்கும். என் மூத்த மகள் அலர்மேல்மங்கை அதில்தான் நீந்தக் கற்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள் அவளை மங்கா என்போம்.

பள்ளிக்கூடத்தில் பார்த்துவிட்டுத் திருப்பதி நீச்சல்குளத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கோச் ஹரிபாபு எல்லார் முன்னாலும் சொன்னார்: "எத்திராஜ், உம் பொண்ணுக்குக் கையும் காலும் சூப்பரா கீது. அவசரம்தான் இல்ல. நோம்புக்கு முழுக்குப் போடற மாதிரி நீந்துது."

மற்ற பெற்றோர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவசரத்தை எங்கே போய் வாங்குவது என்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது தானாக வந்தது. இளையவள் சந்தியா குழியின் எதிர்க்கரையில் துணி அலசும்போது வழுக்கி விழுந்தாள். அவளுக்கும் என்னைப் போல நீச்சல் வராது. என் பக்கத்தில் நின்றிருந்த மங்கா பாய்ந்தாள். கோச் கொடுத்த ஸ்டாப்வாட்ச் என் கையில் இருந்தது. அவள் பாய்ந்தபோதும் தங்கச்சியைத் தொட்டபோதும் என் விரல் தானாக அழுத்தியிருக்கிறது. சந்தியாவுக்கு இருமல் நின்ற பிறகு அதைப் பார்த்தேன். திருப்பதியில் அதே தூரத்தில் மங்காவை முந்திய பெண்களில் ஒருத்தியும் அந்த நேரத்தைத் தொட்டதில்லை.

மறுபடி தண்ணீரில் இறங்குவாயா என்று மறுநாள் சந்தியாவிடம் கேட்டேன். கட்டாயப்படுத்தவில்லை. தேன்மிட்டாய்க்கு ஒப்புக்கொண்டாள். முதுகில் காலி எண்ணெய் டப்பாவைக் கட்டி இறக்கினேன். எதிர்க்கரையிலிருந்து டப்பாவைப் பார்த்த மங்கா நிதானமாக வந்தாள். டப்பாவை எடுத்துவிட்டேன். அதன் பிறகு இடுப்பில் கயிறு மட்டும். கல் தூக்குகிற கயிறு, அறுந்துபோகாது. ஒரு முனை எப்போதும் என் கையில் இருக்கும். அக்கா வந்து தொடும்வரை இழுக்க மாட்டேன்.

அந்த வருடம் மாவட்டத்தில் தங்கம். அடுத்த வருடம் மாநிலத்தில். போட்டிகளில் சந்தியாவைக் குளத்தின் மறுமுனையில் நிறுத்திவைப்பேன். அது போதுமாக இருந்தது. தங்கச்சிமேல் எவ்வளவு பாசம் என்று பேப்பரில் இருவரையும் சேர்த்துப் படம் போட்டார்கள். சந்தியா மெடலைக் கடித்துப் பார்த்தாள்.

"இதுல பாதி என்து அக்கா. நான் குடிச்ச தண்ணிக்கு முழுசே குடுக்கலாம்."

என் மனைவி கிருஷ்ணம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவள் சித்தூரில் மாம்பழக் கூழ் கம்பெனிக்குப் போகிறவள். "இவ தல ஏன் எந்நேரமும் ஈரமாவே கீது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அக்காகூட ஆடிக்கினு இருந்தேம்மா," என்றாள் சந்தியா. அப்படிச் சொல்லச் சொல்லி நான் சொல்லவில்லை.

இந்த மாதம் தேசிய அணிக்கான தேர்வு. மங்காவின் வேகம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. சந்தியா கொஞ்சம் மிதக்கக் கற்றுக்கொண்டிருந்தாள், அதுதான் காரணம். அதனால் அவளுடைய பள்ளிப் பையை முதுகில் மாட்டிவிட்டேன். உள்ளே ஜல்லி போட்டேன். நிறைய இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை சந்தியாவை இறக்கியதும் மங்கா குதிக்கவில்லை. எதிர்க்கரையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நான் வரமாட்டேன் நைனா. நீயே இழு."

"தங்கச்சி முழுவுறா பாரு."

"கயிறு உங்கையிலதான கீது. இழு நைனா."

அவள் என்னை நம்பினாள். நானும் அவளை நம்பினேன்.

ஒருமுறை நான் இழுத்துவிட்டால் அப்புறம் என்றைக்கும் குதிக்க மாட்டாள். அதனால் காத்திருந்தேன். சந்தியாவின் முகம் ஒருமுறை மேலே வந்தது. பிறகு கை. பிறகு கயிறு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. "நைனா, நைனா" என்று மங்கா கத்தினாள். கயிறு அசைவதும் நின்றது. அப்போதுதான் பாய்ந்தாள்.

அப்போதாவது இழுத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். இழுத்திருந்தால் பாதியில் நின்றிருப்பாள்.

மங்கா அன்றிலிருந்து பேசவில்லையாம். குளிக்கவும் மாட்டேன் என்கிறாளாம். சரியாகிவிடுவாள். தேர்வுக்கு அனுப்பிவைக்கும்படி கிருஷ்ணம்மாவிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

சந்தியாவைத் தண்ணீரில் இறக்கியது நான். இழுக்காமல் நின்றதும் நான். மங்காவின் பெயரை எதிலும் சேர்க்க வேண்டாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

என் வாட்ச் உங்கள் கான்ஸ்டபிளிடம் இருக்கிறது சார். அதில் நிற்கிற நேரத்தை யாரும் அழித்துவிட வேண்டாம். அவ்வளவு வேகமாக மங்கா ஒருநாளும் நீந்தியதில்லை.