வலது பக்கமா கூப்பிடுங்க

காலையில பத்து மணிக்கு ஸ்கூல்ல நீங்க வைக்கற காபி மீட்டிங்குக்கு வர முடியாத அம்மாவை உங்கள்ல யாருமே நினைச்சுப் பார்க்கறதில்ல டீச்சர். வாசல்ல காரை நிறுத்தி, உங்ககிட்ட ரெண்டு வார்த்தை சிரிச்சிட்டுப் போறவங்கதான் உங்களுக்குப் பெத்தவங்க. என் பஸ்ல பிள்ளையை ஏத்திவிடறவ வெறும் ஸ்டாப்பிங்.

அந்தக் காபி நோட்டீஸை ஸ்டாப்பிங்ல அம்மாக்களுக்குக் குடுக்க மாட்டேன்னு சொன்னேனா? குடுங்க இப்படி. பஸ் லேடின்னு கூப்பிடாதீங்க, என் பேரு லவெர்ன். உட்காருங்க, சீட்டைத் துடைச்சுத்தான் வெச்சிருக்கேன். பிள்ளைங்க வெளிய வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.

உங்களுக்கு முன்னாடி அந்த வகுப்புல டீச்சரா இருந்தவ கிர்ஸ்டன். நல்லவதான். எல்லாருமே நல்லவங்கதான், அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ஒடிலியான்னு ஒருத்தி, குவாத்தமாலாக்காரி. கோழிக்கறி பிளான்ட்டுல எலும்பு எடுக்கற வேலை. ஷிஃப்ட் நடுவுல வெளிய போனா ஒரு பாயிண்ட், ஏழு பாயிண்ட் சேர்ந்தா வேலை காலி. அவளைப் பத்து மணிக்குக் கூப்பிட்டா எப்படி வருவா? குவாத்தமாலான்னா ஸ்பானிஷ்தான்னு நினைச்சு, கிர்ஸ்டன் பெருமையா ஸ்பானிஷ்ல கடுதாசி அனுப்பினா. ஒடிலியாவுக்கு ஸ்பானிஷ் வராது. அவ பேசறது மாம், அவங்க மலைப்பக்கத்துப் பாஷை. ஏன் முழிக்கறீங்க? ஒருத்தராவது அவளைக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

தினமும் ஏழு மணிக்குப் பஸ் படியில மகளை நிறுத்துவா. யெஸ்லி, நாலு வயசு. பிள்ளையோட இடது காதைத் தொட்டுக் காட்டி, இல்லைன்னு கையை ஆட்டுவா. அப்புறம் வலது பக்கமா குனிஞ்சு பேரைச் சொல்லுவா, குட்டி டக்குனு திரும்பும். இதைப் புரிஞ்சுக்க எந்தப் பாஷை வேணும்?

வகுப்புல கம்பளத்துல ஆளுக்கொரு கட்டம் இருக்குல்ல, யெஸ்லிக்கு ஓரக் கட்டம். கேக்கற காது சுவத்துப் பக்கம். கூப்பிட்டா திரும்பல, கதை கேக்கல. சொன்னபடி கேக்கறதில்ல, தாய் ஒத்துழைக்கறதில்லன்னு கிர்ஸ்டன் எழுதினா. மூணு தடவை அம்மா வரலையாம். ஜனவரியில யெஸ்லியோட ஸ்கூல் இடத்தையே வேற பிள்ளைக்குக் குடுத்துட்டாங்க. அன்னிக்குக் காலையில ஒடிலியா வழக்கம்போல ஸ்டாப்பிங்ல நின்னா. கதவைத் திறந்து, இல்லைன்னு கையை ஆட்டினது நான்.

கேளுங்க, கேப்பீங்கன்னு தெரியும். நான் ஏன் சொல்லல? பிள்ளைங்களைப் பத்தி பஸ் ஆளுங்க டீச்சர்கிட்ட வாயைத் திறக்கக் கூடாது. உங்க ஆபீஸ்லதான் கையெழுத்து வாங்கறாங்க, போய்ப் பாருங்க, என் கையெழுத்தும் இருக்கும். எனக்குச் செப்டம்பர்லயே புரிஞ்சிடுச்சு. ஆனா ஒடிலியா காதைக் காட்டற ஒவ்வொரு நாளும் நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். உள்ள சொல்லிட்டேன்னு நினைச்சிட்டா. அந்த நம்பிக்கையில சிரிச்சிட்டே வேலைக்குப் போவா.

நகருங்க, பிள்ளைங்க வர்றாங்க, பெல்ட் போடணும்.

ஒடிலியாவா? மினசோட்டாவுல வான்கோழி வெட்டற இடத்துல இருக்கா. அவகூட இங்க வேலை பார்த்த ஒருத்தி சொன்னா. அங்க டீச்சரே வீடு தேடி வந்து கதவைத் தட்டறாங்களாம். இவ திறக்கறதில்லையாம்.