இல்லாத மச்சம்

நெடுந்தொடரில் நடிகையை மாற்றுவது தவறு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பலர் சொல்கிறார்கள். எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், நகல் எடுத்து முடியும்வரை அதைத்தான் பேசுவார்கள். புதியவளுக்கு முழி சரியில்லை, பழையவள் நடையில் பாதிகூட வராது என்பார்கள். என் கருத்து வேறு. பாத்திரம்தான் நிரந்தரம், முகம் வரும், போகும். முதல் வாரம் கண்ணை உறுத்தும். இரண்டாவது வாரம் பழகிவிடும். மூன்றாவது வாரம், பழைய முகம் எப்படி இருந்தது என்று யோசித்துத்தான் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அரசியலிலும் இதைத்தானே பார்க்கிறோம். நேற்றுவரை ஒரு கட்சியில் இருந்தவர் இன்று இன்னொரு கட்சிக் கொடியின் கீழ் நின்று அதே வசனத்தைப் பேசுகிறார். மக்கள் கைதட்டத்தான் செய்கிறார்கள்.

நீங்கள் என்னிடம் "ஏன்" என்று கேட்டீர்கள், மேடம். எப்படி என்று கேட்டிருந்தால் நான்கு வரியில் முடிந்திருக்கும். ஏன் என்பதைத் தொடரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. சொல்ல வந்ததை வரிசையாகச் சொல், சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுது என்பார் எங்கள் மாலை வகுப்பு ஆசிரியை. அப்படியே முயல்கிறேன்.

என் அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது. முழு இருட்டு இல்லை. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும். எதிரே ஆள் நிற்பது தெரியும். யார் என்று தெரியாது. குரலை வைத்துத்தான் எங்களைப் பிரித்து அறிவாள். தினமும் சாயங்காலம் அவளுக்குத் தொடர் வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் ஒரு மூத்த மருமகள் எல்லார் பழியையும் சுமக்கும் கதை. கட்டிலில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, நடப்பதை நான் சொல்வேன். வசனம் அவளுக்கே கேட்கும். வசனம் இல்லாத இடங்கள் என்னுடையவை. யார் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்கிறாள், யார் கடிதத்தை மறைக்கிறாள், யார் சிரித்துக்கொண்டே பல்லைக் கடிக்கிறாள் என்று சொல்வேன். அம்மா "ம்" என்பாள். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த பாத்திரம் அது ஒன்றுதான். இது கொஞ்சம் மிகையான வாக்கியமோ என்று தோன்றுகிறது. ஆனாலும் அடிக்க மனமில்லை.

பிறகு அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்தாள். நல்லவள். பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை; உண்மையிலேயே அப்படித்தான். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. இன்ஹேலரை டிவி மேசையில் வைத்திருப்பாள். அதற்கு விசில் என்று பெயர் வைத்திருந்தாள். "நான் ரெஃப்ரி மாதிரி. விசில் இல்லாம ஆட்டம் நடக்காது" என்பாள். அம்மா சிரிப்பாள்.

என்னை மாலை வகுப்பில் சேரச் சொன்னதும் அண்ணிதான். "நாள் பூரா அடுத்தவங்க காகிதத்தையே நகல் எடுத்துட்டிருந்தா எப்படி? போய்ப் படி. அத்தையை நான் பாத்துக்கறேன்" என்றாள். சேர்ந்தேன். அன்றிலிருந்து என்னை டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். வகுப்பு நாட்களில் தலைமாட்டில் அவள் உட்கார்ந்தாள். வகுப்பு இல்லாத சனிக்கிழமை மட்டும் எனக்கு.

ஒருமுறை வகுப்பு சீக்கிரம் முடிந்து வந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டேன். "அத்தை, மாமியார் வர்றா. புடவையைப் பாத்தா யாரோ ஜன்னல் திரையைத் தேடிட்டிருப்பாங்க போல" என்றாள் அண்ணி. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சொல்லும்போது "ம்" என்பாளே, அந்த "ம்" இத்தனை நாள் எனக்கு நிறைவாகத்தான் இருந்தது.

அந்த ஆண்டுதான் தொடரின் மூத்த மருமகள் தேர்தலில் நிற்கப் போனாள். எங்கள் தொகுதியிலேயே நின்றாள். தொடரில் வேறு ஒருத்தியைப் போட்டார்கள். "இனி இவருக்குப் பதில் இவர்" என்று திரையின் அடியில் கண்ணிமைக்கும் நேரம் ஒரு வரி வந்தது. குரல் கொடுப்பவள் மட்டும் மாறவில்லை. அதே குரல், அம்மாவுக்கு அதே ஆள். அண்ணி தாய்வீடு போயிருந்தாள், வகுப்புக்கும் விடுமுறை. அந்தச் சில வாரங்களும் மாலைகள் என்னிடம் திரும்பி வந்திருந்தன. மாற்றத்தைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். பழையவளுக்கு முகவாயில் ஒரு மச்சம் உண்டு. அழும்போது கண்ணீர் அதில் நின்று போகும் என்று நான் சொல்வது அம்மாவுக்குப் பிடிக்கும். புதியவளுக்கு மச்சம் இல்லை. இருப்பதாகவே சொல்லிவந்தேன்.

இதில் என்ன தவறு என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை யாரும் மாறவில்லை. "பகல்ல ஓட்டு கேக்கறா, சாயங்காலம் நடிக்கறா. கெட்டிக்காரி" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு போனது அவளுக்குத் தெரியாது.

அண்ணி திரும்பி வந்த முதல் நாளே, ஒன்றும் அறியாமல், "அத்தை, இந்தப் புதுப் பொண்ணு பரவாயில்ல. அழறப்ப மட்டும் தும்மல் வராத மாதிரி தவிக்குது" என்றிருக்கிறாள். எந்தப் புதுப் பொண்ணு என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

வகுப்பு முடிந்து நான் வந்தபோது டிவி அணைந்திருந்தது. அம்மா என் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

"இல்லாத மச்சத்தை எதுக்குடி எனக்குக் காட்டின?"

அவள் குரல் உயரவில்லை. "கண்ணு தெரியாதவன்னு ஊரு சொல்லும். அது பரவாயில்ல. நீ சொல்லலாமா? இனிமே சனிக்கிழமையும் அவளே சொல்லட்டும்."

அண்ணிக்குத்தான் சங்கடம். அந்தச் சனிக்கிழமை தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு உள்ளறையில் போய்ப் படுத்தாள், என்னை உட்கார வைப்பதற்காக. நான் தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன். அம்மா ரிமோட்டைத் தடவி எடுத்து டிவியை அணைத்தாள். எனக்கு அண்ணி மேல் கோபம் வந்த நாள் அது என்று நீங்கள் நினைக்கலாம். கோபம் வரவில்லை. ஒரு பாத்திரத்துக்கு இரண்டு பேர் என்றால் தொடர் நடக்காது என்று மட்டும் தோன்றியது.

வாக்குச்சாவடிக்கு அம்மாவைக் கைபிடித்து அழைத்துப் போனவள் நான்தான். பார்வையில்லாதவர்களுக்குத் துணை வருகிறவர் பொத்தானை அழுத்தலாம். தொடர் நடிகையின் சின்னத்தைச் சொன்னாள் அம்மா. நான் வேறொன்றை அழுத்தினேன். அந்த நடிகை தொடருக்குப் பொருத்தமானவள். சட்டமன்றத்துக்கு இல்லை என்பது என் எண்ணம். "அமுக்கிட்டியா?" என்று கேட்டாள். அமுக்கிட்டேன் என்றேன். வெளியே வரும்போது என் கையைத் தட்டிக் கொடுத்தாள். எனக்கு உறுத்தலே இல்லை என்பதைக் கவனித்தேன். அடுத்ததும் இப்படித்தான் இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இனி எப்படி என்பது. தீர்ந்துபோன இன்ஹேலரை அண்ணி குப்பையில் போட மறந்துவிடுவாள். நான் எடுத்து அலமாரியில் வைப்பேன். எதையும் ஒழுங்காக எடுத்து வைப்பது என் பழக்கம். வாக்கு எண்ணிக்கை நாளன்று காலையில், மேசையில் இருந்த புதியதை எடுத்து என் வகுப்புப் பையில் போட்டேன். அதன் இடத்தில் தீர்ந்துபோனதை வைத்தேன். அதே நிறம், அதே அளவு. அழுத்தினால் சத்தமும் ஏறக்குறைய அதேதான். யார் ஜெயித்தாலும் எங்கள் தெருவில் பட்டாசு வெடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். புகை வரும், அண்ணி இருமுவாள், உள்ளறைக்குப் போய்ப் படுப்பாள், தலைமாடு காலியாகும். ஒரே ஒரு மாலை. அவ்வளவுதான் நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணன் சரக்கு வேனோடு வெளியூர் போயிருந்தான். எனக்கு வகுப்பு இல்லை. தொடரை நிறுத்திவிட்டு எல்லாச் சேனலிலும் முடிவுகள் போட்டார்கள். நடிகை முன்னிலையில் இருந்தாள். அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்து, தோற்றுக்கொண்டிருந்தவரின் முகத்தை வர்ணித்துக்கொண்டிருந்தாள். "சாம்பார்ல உப்பு போட மறந்த மாமியார் மாதிரி முழிக்கறாரு அத்தை." அம்மா சிரித்தாள். நான் வாசல்பக்க நாற்காலியில், மடியில் பையோடு இருந்தேன்.

வெற்றி என்றதும் தெருவே வெடித்தது. ஜன்னலை மூடுவதற்குள் புகை வீட்டுக்குள் வந்துவிட்டது. அண்ணி விசிலை எடுத்தாள், குலுக்கினாள், அழுத்தினாள். மறுபடி குலுக்கினாள். என் பக்கம் வந்து, மூச்சுக்கு நடுவே சொன்னாள்: "டீச்சரம்மா... விசில் ஊதல. புதுசு ஒண்ணு இருந்ததே... பாத்தியா?"

"பாக்கலண்ணி" என்றேன்.

அவள் சந்தேகப்படவில்லை. தேடுவதற்கு உள்ளறைக்குப் போனாள். நான் தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன். அம்மா கேட்டாள், அவளுக்கு என்ன என்று. இருமல்தான், படுத்துட்டாங்க என்றேன். சற்று நேரத்தில் உள்ளறைச் சுவரைத் தட்டும் சத்தம் வந்தது. பேச முடியாதவர்கள் தட்டுவார்கள். அம்மா முகத்தைத் திருப்பினாள். நான் ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினேன். மறுபடி தட்டினாள். இன்னும் கூட்டினேன்.

திரையில் நடிகைக்கு மாலை போட்டார்கள். அவள் அழுதாள். அதை அம்மாவுக்குச் சொன்னேன்.

"மச்சம் இருக்கா?" என்றாள் அம்மா.

"இருக்கு" என்றேன். இந்த முறை உண்மையாகவே இருந்தது.

பட்டாசு ஓய்ந்த பிறகுதான் உள்ளே போய்ப் பார்த்தேன். முடிந்திருந்தது. தீர்ந்த மருந்தைக் கவனிக்காமல் இருந்துவிட்டாள் என்றார்கள் எல்லாரும். வாங்கிவைக்காமல் போனது தன் தப்பு என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அவனை நான்தான் சமாதானப்படுத்தினேன்.

சில நாள் கழித்து அம்மா தொடரைப் போடச் சொன்னாள். என் இடம் எனக்கு வந்தது. ஆனால் அவள் "ம்" கூடச் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தாள். ஒருநாள் என்னை அறியாமல் அண்ணியின் பாணியில் ஒரு வரி வந்துவிட்டது. யாருடைய புடவையையோ கேலி செய்தேன். அம்மாவின் தலை என் பக்கம் திரும்பியது. அதைப் பிடித்துக்கொண்டேன். கடையில் இயந்திரம் ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் பழகினேன். அத்தை என்று இழுக்கும் விதம், சிரிப்பதற்கு முன் எடுக்கும் மூச்சு, நடுநடுவே அந்தச் சின்ன இருமல். குரல் அதேதான் என்றால் அம்மாவுக்கு ஆளும் அதேதான். அம்மா மறுபடி "ம்" சொன்னாள்.

என் கணக்கு ஒரே இடத்தில்தான் தவறியது. மூன்றாவது வாரம் பழைய முகம் மறக்க வேண்டும். மறக்கவில்லை. தொடரில் யார் வந்தாலும் அண்ணி மூச்சுக்காக முகவாயை நிமிர்த்திக்கொண்டு வருகிறாள். டிவியை அணைத்தால் உள்ளறைச் சுவர் தட்டுகிறது. அதனால் ஒலியைக் குறைக்காமலே வைத்திருந்தேன். இருமல் வேண்டாம் என்று நினைத்து உட்கார்ந்த நாட்களிலும் அது தானாக வந்தது. வகுப்பில் ஆசிரியை வருகைக்கு என்னைக் கூப்பிட்டபோது, அடுத்தவளைக் கூப்பிடுகிறார் என்று பேசாமல் இருந்தேன்.

நேற்று மாலை, நான் இருமியதும், அம்மாவின் கை என் கையைத் தடவி ரிமோட்டை வாங்கிக்கொண்டது. ஒலியைக் குறைத்துக்கொண்டே போனாள், ஒன்றுமே கேட்காத அளவுக்கு.

"இப்ப இருமு" என்றாள்.

நான் ரிமோட்டைத் திரும்ப வாங்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"அன்னிக்கு நீ சத்தத்தைக் கூட்டிட்ட. எனக்குச் சரியாக் கேக்கல. இருமு."

இருமினேன். அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. முதலில் சின்னது, பிறகு இழுப்பு, பிறகு சத்தமே வராத அந்த இடம். கட்டில் சட்டத்தில் விரல் முட்டியால் தட்டினேன், அவள் சுவரில் தட்டிய மாதிரியே. அம்மா கடைசிவரை கேட்டாள். நிமிர்ந்தபோது வாசலில் அண்ணன் நின்றிருந்தான். அவன் ஒரு கையில் என் வகுப்புப் பை, மறு கையில் அந்தப் புது இன்ஹேலர். அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை, மேடம். மருந்து நிறைய இருந்தது.

என் அண்ணியைக் கொன்றது நான்தான். எழுத்தில் வேண்டும் என்றீர்கள், எழுதிவிட்டேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் முடித்ததும் அம்மா அழுதாள், வாய்விட்டு, அவளுடைய பார்வை போனபோதுகூட அழாத மாதிரி. இத்தனை வருடம் தலைமாட்டில் உட்கார்ந்து எத்தனையோ காட்சி சொல்லியிருக்கிறேன். நான் செய்தது பிடித்துப்போய் அவள் அழுதது இதுதான் முதல் தடவை.