புருஷன் பெயருக்கு ஒரு கட்டம்

தேயிலைத் தோட்டத்தில் ஒன்பது வருஷம் இருந்தும் எனக்கு டீ பிடிபடவில்லை, ஸார். நீங்கள் குடியுங்கள். கரமனையில் என் சம்சாரம் விஜயம் போடுகிற காப்பிதான் எனக்கு நாக்கில் நிற்கும். திருவனந்தபுரத்திலிருந்து இந்தப் பொன்முடி மலைக்கு நீங்கள் ஏறி வந்தது பொன்னம்மை விஷயமாக விசாரிக்க என்று தெரியும். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நான் இங்கே ரைட்டர், ஆபீஸ் குமாஸ்தா. யுத்தத்துக்கு நடுவில் சர்க்கார் பிரசவ சகாயம் என்று ஒன்றைக் கொண்டுவந்ததல்லவா? பிள்ளை பெறப்போகிறவள் கொழுந்து பறிக்க மலையேறாமல் லயத்து வீட்டிலேயே இருக்கலாம், அரிசியும் வரும். ஆனால் முதலாளி வழியாகத்தான் வரும், அதாவது என் மேஜை வழியாக. நான் படிவம் எழுதி, துரையிடம் கையெழுத்து வாங்கிச் சீட்டுக் கொடுத்தால்தான் அவள் கூடையை இறக்கி வைக்கலாம். எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ஒருத்தியிடமும் ஒரு சக்கரம் காசு வாங்கியதில்லை, விசாரித்துப் பாருங்கள்.

படிவத்தில் புருஷன் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. இந்தப் பெண்கள் செத்தாலும் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். விஜயம் மட்டும் என்ன, சென்சஸ் எடுக்க வந்தவரிடம் என்னைக் கையால் காட்டிவிட்டு உள்ளே ஓடியவள்தானே. மலையில் மழையையும் அட்டைக்கடியையும் விட்டால் பொழுதுபோக்கு ஏது? அதனால் நானாக ஒரு சட்டம் வைத்தேன். அவளவள் வாயாலேயே சொல்ல வேண்டும். எல்லோரும் நெளிந்து, முந்தானையைக் கடித்து, கடைசியில் முணுமுணுத்துவிடுவார்கள். ஆபீஸே சிரிக்கும். நானும் சீட்டைக் கொடுத்துவிடுவேன்.

பொன்னம்மைதான் பிடிவாதக்காரி. ஏழாம் மாசம் முதல் தடவை வந்தாள்.

"ஐயா வெரல்ல மஞ்சளா மின்னுதுல்லா, அதுதான் எங்க வீட்டுக்காரரு பேரு" என்று என் தங்க மோதிரத்தைக் காட்டினாள்.

"மோதிரமா? ஒரு ஆம்பிளைக்கு மோதிரம்னா பேரு?"

கங்காணி கோமதிநாயகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள், ஸார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுவாரம் புருஷனே வந்தான். "நான்தான் தங்கையன். எழுதிக்கிடுங்க ஐயா."

"பெறப்போறது நீயா, அவளா? அவ வாயால சொன்னா சீட்டு, கேட்டோ" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினேன்.

ஒன்பதாம் மாசம் மறுபடியும் அவள் வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"நிக்க முடியல ஐயா. சரிவுல வழுக்குது."

"ஒரு வார்த்தைதானே, சொல்லேன்" என்றேன், அன்பாகத்தான். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. கூடையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, மறைப்பானேன்.

நாலாம் நாள் மழையில் சரிவிலேயே விழுந்தாள். கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அடிவாரத்தில் கல்லாறு போய்ச் சேருவதற்குள் அவளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போயிற்று. வழியெல்லாம் "தங்கையா, தங்கையா" என்று கத்தினாளாம். தூக்கிப் போனவர்கள் சொன்னார்கள். ஆக, சொல்ல வராமல் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வருத்தம்.

புருஷன் பெயர் எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியாமல் என்ன? தினமும் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவனே நான்தான். அவள் முதல் தடவை வந்த அன்றே எழுதி முடித்துவிட்டேன். அந்தச் சீட்டு இதோ இந்த மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது, துரையின் கையெழுத்தோடு. எடுத்துப் பாருங்கள்.

மரணப் பதிவிலும் புருஷன் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு, ஸார். அதற்காக நான் யாரையும் அலைய விடவில்லை. உடனே நானே எழுதிவிட்டேன். கஷ்டத்தில் இருக்கிறவர்களைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது.